கொழுப்பைக் கரைக்கும் ஒளி

விஞ்ஞானம் வளர வளர மனிதனின் வசதிகள் வளர்கின்றன. கூடவே வியாபாரமும் வளர்கிறது. 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கத்தைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1964-இல் கரியமில வாயு லேசரைக் கண்டு தந்தவர் நம் பாரத நாட்டில் பிறந்த குமார் படேல். இன்றோ, "லேசரால் தொப்பையைக் கரைக்கிறோம், வாருங்கள்" என்று கைப்பேசி விளம்பரங்கள் கூவி அழைக்கின்றன. நம் தோழியர் சிலர் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கண்டே இதை எழுதத் துணிந்தேன்.

இதன் தத்துவம் பௌதிக மாணவருக்குக் கடினமன்று. முதலில் உப்புநீரோடு மரத்துப்போகும் மருந்தைச் சதைக்குள் செலுத்துவார்கள். பிறகு சிறு துவாரத்தின் வழியே மெல்லிய கண்ணாடி இழையை நுழைத்து, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி வெப்பமாகிறது, வெப்பத்தில் கொழுப்புச் செல்கள் உடைகின்றன, உருகியதைக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் இரத்தச் சேதமும் குறைவே. 2006-இல் அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. ஆனால் வெப்பம் மிஞ்சினால் தோல் வெந்துவிடும். மருந்து மிஞ்சினால் இதயமே நின்றுவிடலாம்.

சரி, நோயாவது தீருமா? தீராது. 2004-இல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களின் உடலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறனோ, இரத்த அழுத்தமோ சீரடையவில்லை. காரணம், எடுக்கப்பட்டது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு; குடலைச் சுற்றிய கொழுப்பு அப்படியே இருந்தது. ஆகவே இது அழகுக்கு மட்டுமே என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த அழகுக்கு என்ன விலை? 2022 மே 16-ஆம் நாள் பெங்களூரில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேதனா ராஜ், கொழுப்பகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். வயது 21. நம்மைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். பெற்றோருக்குச் சொல்லாமல் சென்றார் என்று பத்திரிகைகள் எழுதின.

நம் கரிசல் காட்டில் "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது பாராட்டு. மானம் பொய்த்தால் கஞ்சிக்கும் திண்டாடிய ஊரில் சதை என்பது செழிப்பின் அடையாளம். இரண்டு தலைமுறைக்குள் அது எப்படி வெட்கமாயிற்று? தமிழகத்துப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை! பருமனும் பசியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இதற்கு எந்த லேசரும் மருந்தாகாது. (கடலைமிட்டாயைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

லேசரை நான் வெறுக்கவில்லை. குமார் படேல் கண்ட அதே கரியமில வாயு லேசர்தான் தீக்காயத் தழும்பை இளக்கவும் பயன்படுகிறது. தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், விரல்கள் ஒட்டிப்போன கைகளை எல்லோருமே பார்த்திருக்கிறோம். இந்த ஒளி முதலில் யாருக்கு என்று கேட்டால், அந்தக் கைகளைத்தான் காட்டுவேன்.

இத்தனைக்குப் பிறகும் செய்துகொள்ளத்தான் போகிறேன் என்பவர்களுக்கு மூன்று கேள்விகள். கத்தி பிடிப்பவர் முறையாகப் படித்த அறுவை மருத்துவரா? மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை உடனிருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா? விடை கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.