தங்கத்துக்கு ஏது இடது, வலது?

ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கும் அவசரத்தில், என் மகள் இடது ஷூவை வலது காலில் திணித்துக்கொண்டு நின்றாள். “ரெண்டும் ஒரே ஷூதானேப்பா!” என்றாள். ஒரே தோல், ஒரே அளவுதான். ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாயிற்றே!

மூலக்கூறுகளிலும் இந்த இடது, வலது உண்டு. புதினா, சதகுப்பை விதை இரண்டின் வாசனைக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்ற ஒரே பொருள்தான். ஒன்றில் இடது ஷூ, மற்றதில் வலது ஷூ. நம் மூக்கு சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது.

மருந்தில் இது இன்னும் முக்கியம். தும்மலுக்குச் சாப்பிடும் செட்ரிசின் மாத்திரை 10 மி.கி. லெவோசெட்ரிசின் 5 மி.கி.தான். ஏன் பாதி? முதலாவதில் இரண்டு வகையும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. வேலை பார்ப்பது பெரும்பாலும் ஒரு பாதிதான். அதை மட்டும் பிரித்து எடுத்தது லெவோ. அந்தப் பெயருக்கே ‘இடது’ என்று அர்த்தம். ஒளியின் அதிர்வை அது இடப்பக்கம் திருப்புகிறது.

ஆக, இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒளிதான் சாட்சி. திருகாணி மரைபோலச் சுழன்று செல்லும் ஒளியிலும் இடச்சுற்று, வலச்சுற்று உண்டு. இடது மூலக்கூறு ஒன்றைக் கொஞ்சம் அதிகமாக விழுங்கும், வலது மற்றதை. ஆனால் அந்த வித்தியாசம் துளியூண்டு. ஒளியின் அலைநீளம் சில நூறு நானோமீட்டர். மூலக்கூறோ ஒரு நானோமீட்டர் அளவுதான். யானை காதில் எறும்பு பேசுகிற கதை. அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில்தான் கேட்கும்.

இங்கேதான் தங்கம் வருகிறது. நகைக்கடை மஞ்சள் தங்கமல்ல; தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். அது சிவப்பாகத் தெரியும். 1857-லேயே மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஒளி பட்டதும் துகளுக்குள் எலெக்ட்ரான்கள் ஊஞ்சல்போல ஆடும். ஆனால் உருண்டைக்கு ஏது இடது, வலது?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் டிம் லீடல் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். டி.என்.ஏ. இழைகளை மடித்து ஒரு தூண் கட்டி, அதைச் சுற்றி 10 நானோமீட்டர் தங்க உருண்டைகள் ஒன்பதை, சுழல் மாடிப்படி மாதிரி ஒட்டவைத்தார்கள். இடப்பக்கம் சுற்றுவது ஒன்று, வலப்பக்கம் சுற்றுவது ஒன்று. 2012-ல் முடிவு வெளியானது. ஓர் உருண்டையின் ஆட்டம் அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, படிக்கட்டு முழுக்க ஒன்றாக ஆடுகிறது. இரண்டு படிக்கட்டுகளும் சுழலும் ஒளிக்கு நேரெதிர் பதில் சொல்லின. அதுவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், பலமாக! தங்கம் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். அடுக்கிய விதம் மட்டும் வேறு.

எறும்பின் பேச்சுக்கு இதை மைக் ஆக்கலாமா என்பதுதான் இப்போது ஆய்வாளர்களின் முயற்சி. மருந்து மூலக்கூறு தங்கத்தின் அருகில் வந்தால், அதன் இடது-வலது சேதி தங்கத்தின் வழியே உரக்கக் கேட்கும்; துளி மருந்தே சோதனைக்குப் போதும். வேலை இன்னும் ஆய்வகத்தில்தான். பியூட்டி பார்லர் ‘நானோ கோல்டு ஃபேஷியலுக்கும்’ இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காசு மிச்சம்!