குரூப்-4 பாஸ் செய்தவர் 10 வருஷமாக அதே நாற்காலியில்! பதவி உயர்வு நழுவுவது எப்படி?

சென்னை:-

மாலை மணி 5-45. சேப்பாக்கம் எழிலகம் வாசலில் கூட்டம் நெரிகிறது. பாதிப் பேர் பஸ்சுக்கு ஓடுகிறார்கள். மீதிப் பேர் பறக்கும் ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் 25 வயசு இளைஞர்கள் ஏராளம். குரூப்-4 பரீட்சை எழுதி, பிராட்வே தேர்வாணைய அலுவலகத்தில் கலந்தாய்வுக்கு நின்று, ஆர்டர் வாங்கி வந்த இளநிலை உதவியாளர்கள். பத்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு எம்.ஏ.வும் எம்.எஸ்சி.யும் எஞ்சினீயரும் போட்டி போட்ட கூட்டத்தில் ஜெயித்தவர்கள்.

ஊரில் ஒரே கொண்டாட்டம். "பையன் சர்க்கார் உத்தியோகம்" என்று அப்பா தலை நிமிர்ந்து நடக்கிறார். பெண் வீட்டார் ஜாதகத்தோடு வருகிறார்கள்.

அதற்கு அப்புறம்?

10 வருஷம் கழித்துப் பார்த்தால் கூடச் சேர்ந்தவர் உதவியாளர் ஆகியிருப்பார். கண்காணிப்பாளர் பேனலில் பெயர் வருமா என்று விசாரித்துக் கொண்டிருப்பார். இவர் மட்டும் அதே மேஜையில், அதே தபால் கட்டோடு உட்கார்ந்திருப்பார்.

மூளை இல்லாமல் அல்ல. பரீட்சையில் இவர்தான் கூட மார்க் வாங்கியிருப்பார். கோட்டை விட்டது முதல் 3 வருஷத்தில்.

"சரி சார்" படுத்தும் பாடு

வேலையில் சேர்ந்ததும் தகுதிகாண் பருவம் தொடங்குகிறது. தொடர்ச்சியான 3 வருஷத்துக்குள் 2 வருஷம் பணியாற்றி முடிக்க வேண்டும் என்பது விதி. முடித்தால் மட்டும் போதாது. முடித்ததாக ஆணை வரவேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் மேலே நகர முடியாது.

இங்கேதான் சிக்கல். சான்றிதழ்களின் உண்மைத்தன்மை கேட்டு ஆபீசிலிருந்து கடிதம் போகும். பதில் வந்ததா, வரவில்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. கோப்பு தூங்கும். அதைக் கவனிக்கிற ஊழியர் அடுத்த மேஜையில்தான் இருப்பார். தினமும் சேர்ந்து டீ குடிப்பார்கள். ஆனாலும் "என் கோப்பு என்னாச்சு?" என்று கேட்கக் கூச்சம்!

அடுத்தது பவானிசாகர். ஈரோடு மாவட்டத்தில் அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற அரசுப் பணியாளர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தாக வேண்டும். பெயரை அனுப்புவது அலுவலகம். "இப்ப ஆள் பத்தாதுப்பா, அடுத்த பேட்ச்ல போகலாம்" என்பார் மேலதிகாரி. "சரி சார்" என்பார் புதுப் பையன். அடுத்த பேட்சிலும் ஆள் பத்தாது. அந்த "சரி சார்" சீனியாரிட்டியில் எத்தனை பேரைத் தாண்ட விடுகிறது என்பது பேனல் வரும்போதுதான் தெரியும்.

புத்தகம் பார்த்து எழுதியும் பெயில்!

துறைத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. மே மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று. நடத்துவது அதே தேர்வாணையம். கணக்குத் தேர்வு முதல் பகுதி, அலுவலக நடைமுறைத் தேர்வு ஆகியவை பல துறைகளுக்குப் பொது. வருவாய்த் துறை என்றால் வருவாய்த் தேர்வுகள் தனி.

கணக்குத் தேர்வுக்குப் புத்தகத்தோடு போகலாம். இதைக் கேட்டதும் பலருக்கு இளக்காரம். "பார்த்து எழுதுற பரீட்சைதானே!" என்று புதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராக ஹாலுக்குப் போகிறார்கள். நிதி விதித்தொகுப்பு ஒரு பக்கம், கருவூல விதித்தொகுப்பு ஒரு பக்கம், அடிப்படை விதிகள், பென்ஷன் விதிகள் இன்னொரு பக்கம். எந்த விதி எந்தப் புத்தகத்தில் என்று தேடி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

லட்சம் பேரோடு மோதி ஜெயித்தவர் இதில் தோற்பது விசித்திரம்தான். அப்போது வேலை இல்லை, வெறி இருந்தது. இப்போது சம்பளம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தூக்கமும் வருகிறது.

1,100 ரூபாய்க் கணக்கு

இன்னொரு ரகம் உண்டு. கணக்குப் போட்டே கெட்டுப் போகிறவர்கள்.

2017-ல் திருத்திய சம்பள விகிதப்படி இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடக்கம். உதவியாளருக்கு 20,600. வித்தியாசம் 1,100 ரூபாய். "இதுக்காக ராத்திரி கண் முழிச்சுப் படிக்கணுமா? வருஷா வருஷம் 3 சதவீத இன்கிரிமெண்ட் தானா வருது. 10 வருஷம் ஆனா தேர்வு நிலை, 20 ஆனா சிறப்பு நிலை" என்று பேசுகிறார்கள்.

இவர்கள் பார்ப்பது ஒரு படி மட்டுமே. உதவியாளருக்கு மேலே கண்காணிப்பாளர். அங்கே தொடக்கச் சம்பளமே 36 ஆயிரத்தைத் தாண்டுகிறது. 1,100 ரூபாய்ப் படியில் கால் வைக்காதவர் 36 ஆயிரம் படிக்கு எப்படிப் போவார்?

படியே சில வருஷம் நகராமல் நின்றதும் உண்மை. ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. மேலே இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கீழே இருந்தவர்களுக்கு இடம் காலியாகவில்லை. ஆனால் அப்போது சும்மா இருந்த காலத்தில் தேர்வை முடித்து வைத்தவர்களுக்கு, இடம் திறந்ததும் ஆர்டர் கைக்கு வந்தது.

ரோஸ் கலர் கை

பரீட்சையில் தோற்றால் அடுத்த டிசம்பர் இருக்கிறது. இதில் மாட்டினால் மீள்வது கஷ்டம்.

புதுப் பையன் ஆபீசுக்கு வந்து 6 மாசம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் பெரியவர் ஒருவர் கூப்பிடுவார். "தம்பி, வெளியே ஒருத்தர் ஒரு கவர் குடுப்பார். வாங்கி உன் டிராயரில் வை. நான் மீட்டிங் முடிச்சு வர்றேன்."

உள்ளே என்ன என்று பையன் கேட்பதில்லை. தெரிந்தாலும் மறுக்கப் பயம். ரகசியக் குறிப்பு எழுதுகிறவர் ஆயிற்றே!

கவர் கொண்டு வந்தவர் ஏற்கனவே லஞ்ச ஒழிப்புப் போலீசில் புகார் கொடுத்திருந்தால்? நோட்டில் பினாப்தலின் பவுடர் தடவப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பணம் கை மாறியதும் மறைந்திருக்கும் போலீசார் பாய்ந்து வருவார்கள். சோடியம் கார்பனேட் கரைசலில் கையை நனைக்கச் சொல்வார்கள். தண்ணீர் ரோஸ் கலர் ஆகும். கை யாருடையதோ அவர்தான் முதலில் கைது.

மீட்டிங்குக்குப் போன பெரியவர் மீட்டிங்கிலேயே இருப்பார். அவரையும் வழக்கில் சேர்க்க முடியும். ஆனால் கேட்டார் என்பதற்குச் சாட்சி வேண்டும். பையனுக்கோ சாட்சி அவன் கையே!

48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தாமாகவே சஸ்பென்ஷன். தொடக்கத்தில் கிடைப்பது பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் வாங்கியது நிரூபணமானால் குறைந்தது 3 வருஷம், அதிகம் போனால் 7 வருஷம் சிறை. வழக்கு எத்தனை வருஷம் நடக்குமோ அத்தனை வருஷமும் பேனலில் பெயர் கிடையாது.

லஞ்சமே வேண்டாம், வெறும் 17 (பி) மெமோ போதும். அது நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வு தள்ளிப் போகும்.

தப்பித்தவர்களைக் காப்பாற்றியது பல சமயம் தன்பதிவேடு. எந்தத் தபால் என்றைக்கு வந்தது, எந்தத் தேதியில் யார் மேஜைக்கு அனுப்பப்பட்டது என்று ஒழுங்காக எழுதி, வாரா வாரம் மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கியவரிடம் "நீதான் கோப்பை முடக்கினாய்" என்று சொல்ல முடியாது. இன்றைக்குப் பல ஆபீசில் கோப்பு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அங்கே தேதி தானாகவே பதிகிறது. முடக்கியவர் பெயரும்தான்.

குறுக்கு வழியில் உள்ளே வரப் பார்த்தவர்கள் கதை வேறு. 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் அழியும் மையால் விடை குறித்த குட்டு 2020 ஜனவரியில் அம்பலமானது. 99 பேருக்கு ஆயுள் காலத் தடை. நாற்காலி ஏறும் முன்பே கதை முடிந்தது.

ஊர் ஆசை

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சொந்த மாவட்டத்துக்கே மாறிடலாம்." இப்படி மனுப் போடுகிறவர்கள் நிறைய. மனிதருக்கு இருக்கிற ஆசைதான், தப்பில்லை.

ஆனால் மாவட்ட வாரியாகச் சீனியாரிட்டி பார்க்கிற துறையில், சொந்த விருப்பத்தில் மாறினால் புது இடத்தில் கடைசி ஆள். 6 வருஷம் சர்வீஸ் போட்டவர் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே. கையெழுத்துப் போடும்போது இதைப் படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. தெரிந்தே போட்டால் வருத்தமில்லை. அம்மா பக்கத்தில் இருப்பதற்கு விலை அது என்று ஏற்றுக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு.

வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் மறுபடியும் குரூப்-2, குரூப்-1 என்று எழுதுகிறார்கள். புத்திசாலித்தனமான வழி. நேரடியாக உதவியாளர் நாற்காலிக்கோ, அதற்கு மேலேயோ போகலாம். ஆனால் வேலையில் இருப்பதை மறைக்கக் கூடாது. தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கும் மனு எழுத வேண்டும். அந்த மனுவும் ஒரு கோப்பு ஆகும். அது போய்ச் சேருவதும் அடுத்த மேஜைக்குத்தான்!