பணம் இருக்கிறது, மனு எழுத ஆள் இல்லை!

பழனி மலையின் அடிவாரத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது அய்யம்பாளையம். தென்னைக்குப் பேர் போன ஊர். "அய்யம்பாளையம் நெட்டை" என்றால் தென்னை வளர்ப்போருக்குத் தெரியும். மருதாநதி அணை பக்கத்திலேயே இருக்கிறது. சித்தரேவு வழியாக மலை ஏறினால் பெரும்பாறை, தாண்டிக்குடி என்று காப்பித் தோட்டங்கள் வரும்.

இந்தப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். அதற்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கேட்பது?

"சர்க்காரைக் கேள்" என்பது பழைய பதில். "கம்பெனியைக் கேள், அறக்கட்டளையைக் கேள்" என்பது புதிய பதில். கேட்டால் கிடைக்குமா?

கார் விற்ற பணம்

அறக்கட்டளைப் பணம் இந்தச் சீமைக்குப் புதிது அல்ல.

சின்னாளப்பட்டி அருகே 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார் டாக்டர் சவுந்திரம் அம்மையார். டி.வி.எஸ். கம்பெனியை நிறுவிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள் அவர். 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமத்தார் ஒரு சுகாதாரத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். கிராமத்தாரின் உடல் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் அதன் வேலை. மத்திய சர்க்காரும், சென்னை சர்க்காரும் உதவின. கூடவே அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. மோட்டார் கார் செய்த அதே போர்டு குடும்பம் 1936-ல் நிறுவிய அறக்கட்டளை அது.

அய்யம்பாளையமும் ஆத்தூரைச் சேர்ந்த ஊர்தான். எங்கோ டெட்ராய்ட்டில் கார் விற்றுச் சேர்ந்த பணம், பழனி மலையடிவாரம் வரை வந்துவிட்டது!

எப்படி வந்தது? கிராமத்தார் மனுப் போட்டு வாங்கவில்லை. நடுவில் காந்திகிராமம் இருந்தது. அங்கே படித்தவர்கள் இருந்தார்கள். கணக்கு எழுத ஆள் இருந்தது. டில்லியில் போய்ப் பேசவும் ஆள் இருந்தது. சவுந்திரம் அம்மையார் 1962-ல் மத்திய கல்வித் துணை மந்திரியே ஆனார்.

அதே காலத்தில் உள்ளூர்ப் பணமும் பள்ளிக்கு வந்தது. காமராஜர் முதல்-மந்திரி. நெ.து.சுந்தரவடிவேலு கல்வி டைரக்டர். 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பிறகு ஊர் ஊராகக் கூடியது. ஒருவர் நாற்காலி கொடுத்தார். ஒருவர் கடிகாரம் கொடுத்தார். இடம் கொடுத்தவர்களும் உண்டு. யாரும் பாரம் பூர்த்தி செய்யவில்லை. மேடையில் பேர் வாசித்தார்கள்; கை தட்டினார்கள். அவ்வளவுதான்.

இன்று அப்படி இல்லை.

நூற்றுக்கு இரண்டு

2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 135-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல் அமுலில் உள்ளது. ஆண்டுக்கு ரூ.5 கோடி நிகர லாபமோ, ரூ.1,000 கோடி விற்றுமுதலோ, ரூ.500 கோடி நிகர மதிப்போ உள்ள கம்பெனி, தன் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக வேலைக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது. கம்பெனி தான் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது அந்த வரி. அது கட்டாயம் அல்ல என்று மத்திய அரசு பின்னர் விளக்கியது. என்றாலும், ஆலை வாசலில் உள்ள பள்ளிக்கூடம்தான் முதலாளியின் கண்ணில் முதலில் படும். ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலைகள் உண்டு. தாண்டிக்குடியில் என்ன இருக்கிறது? காப்பியும் மிளகும் வாழையும் இருக்கின்றன. தோட்டத்தில் கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்குப் பக்கத்தில் "கம்பெனி" என்று ஒன்று கிடையாது.

இன்னொரு முட்டுக்கட்டை பதிவு. கம்பெனி தானே நேரில் வந்து கட்டிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் வேறு ஒரு ஸ்தாபனத்தின் மூலம் செய்யலாம். அப்படிச் செய்யும் தனியார் தொண்டு ஸ்தாபனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மூன்று ஆண்டு வேலை செய்த அனுபவம் காட்ட வேண்டும். வருமான வரி இலாகாவின் 12ஏ, 80ஜி சான்றுகள் வேண்டும். கம்பெனி விவகார இலாகாவிலும் தனி எண் வாங்க வேண்டும். நாலு பெற்றோர் கூடி இன்று ஒரு சங்கம் வைத்தால், நாளைக்கு மனுப் போட முடியாது.

வெளிநாட்டுப் பணமோ, கதவுக்கு இரட்டைப் பூட்டு. 2010-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2020-ல் சட்டம் மேலும் இறுகியது. டில்லியில் உள்ள ஸ்டேட் பாங்கிக் கிளை ஒன்றில்தான் கணக்கு வைக்க வேண்டும். பணம் வாங்கும் பெரிய ஸ்தாபனம், அதைச் சிறிய ஸ்தாபனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. பட்டணத்து வாய்க்காலில் வரும் தண்ணீர், கிராமத்து வரப்பைத் தாண்டாது என்று அர்த்தம்.

அத்தையும் மருமகனும்

இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் தமிழக அரசு 2022 டிசம்பர் 19 அன்று "நம்ம ஸ்கூல், நம்ம ஊர்ப் பள்ளி" திட்டத்தைத் தொடங்கியது. அதற்கென்று ஓர் அறக்கட்டளை. தலைவராக வந்தவர் தொழிலதிபர் வேணு சீனிவாசன். டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் பேரன். காந்திகிராமத்துச் சவுந்திரம் அம்மையார் அவருக்கு அத்தை முறை!

பள்ளிக்கூடம் தன் தேவையை இணையத்தில் எழுதி வைக்கும். கொடுக்க விரும்புகிறவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். பதிவு, சான்று எல்லாவற்றையும் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். ஏழைப் பள்ளிக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் தேர்ந்தெடுப்பவர் யார்? கொடுப்பவர். அவர் தாம் படித்த பள்ளியைத் தேடுவார். இல்லாவிட்டால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பார்ப்பார். இருபது பிள்ளைகள் படிக்கும் மலைப் பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்காவில் பழைய மாணவர் கிடையாது. கர்நாடகத்தில் வேறு மாதிரி நடந்தது. 2024-ல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை போட மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் ரூ.1,500 கோடி ஒதுக்கியது. எந்தப் பள்ளியும் மனு எழுதவில்லை. மலைப் பள்ளிக்கும் பட்டணத்துப் பள்ளிக்கும் ஒரே முட்டை. சிறிய பள்ளிகளுக்கு இதுவே மேல்.

தனியார் வந்தால் சர்க்கார் கை கழுவிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. 2025 ஜனவரியில், அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் "தத்து" எடுக்கப்போவதாகச் செய்தி வந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. தத்து அல்ல, உதவிதான் என்று கல்வி மந்திரி விளக்கம் சொன்னார். வாத்தியார் சம்பளமும் கட்டிடமும் சர்க்காரின் கடமை. அதை நன்கொடைத் தட்டில் வைக்கக்கூடாது.

தாய்மார்கள் செய்யக்கூடியது

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கூட வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது இந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. பல பெற்றோருக்கு இது தெரியாது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அந்தத் திட்டம்தான் மனு. பெண் பிள்ளைகள் எத்தனை? கழிப்பறை எத்தனை? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கட்ட என்ன செலவு? கட்டிய பிறகு தினமும் கழுவப்போவது யார், அவருக்குக் கூலி யார் கொடுப்பது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பல கட்டிடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கொடுப்பவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

காலமும் முக்கியம். கம்பெனிகளுக்குக் கணக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஒதுக்கிய பணம் மீதியானால் அதைச் சட்டம் சொல்லும் வேறு நிதிக்குக் கட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். ஆடி, ஆவணிக்குள் குழு கூடித் திட்டத்தை எழுதி வைத்தால், தை மாதம் கம்பெனிக்காரர் தேடி வரும்போது தலைமை ஆசிரியர் கையில் காகிதம் தயாராக இருக்கும்.