மக்ஸ் ரிக்டர் கச்சேரிக்குப் போறதெண்டால்

போன கிழமை லண்டனில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு போஸ்டரை அனுப்பி, "நீ எந்த நேரமும் போட்டுக் கேக்கிற ஆள் இவர்தானே? டிக்கெட் எடுக்கட்டோ?" எண்டு கேட்டிருந்தா. மக்ஸ் ரிக்டர்தான். "ஓம், எடு" எண்டு ஒரு வரியில் முடிச்சிருக்கலாம். ஆனால் இந்தக் கச்சேரி பற்றி எனக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கு. வட்ஸ்அப்பில் அது அடங்காது.

பெயர் தெரியாவிட்டாலும் இவரின் இசையை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீங்கள். ஜேர்மனியில் பிறந்து இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரில் வளர்ந்த பிரித்தானிய இசையமைப்பாளர். 'ஒன் த நேச்சர் ஒஃப் டேலைட்' எண்டு ஆறு நிமிடத் துண்டு ஒன்று. தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். கீழே ஒரே சுரக்கோர்வை மெதுவாகத் திரும்பத் திரும்ப வரும், அதுக்கு மேலே வயலின் ஒவ்வொரு படலமாக ஏறும். 'ஷட்டர் ஐலண்ட்' படத்தில் வந்தது. 'அரைவல்' படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வந்தது. அந்தப் படத்துக்கு முழு இசையும் போட்டவர் யோஹான் யோஹான்சன். ஆனால் இந்த ஒரு துண்டு படத்தில் பிடிச்சிருந்த இடம் காரணமாக அவரின் இசை ஒஸ்கார் போட்டிக்கே தகுதியில்லை எண்டு ஆகிப்போச்சு. பாவம் மனுசன். இப்ப இன்ஸ்டகிராமில் யாராவது செத்தாலும் இதுதான், காதல் முறிஞ்சாலும் இதுதான், பூனைக்குட்டியைக் காப்பாற்றினாலும் இதுதான்.

இந்தத் துண்டு வந்தது 2004இல் வெளியான 'த புளூ நோட்புக்ஸ்' அல்பத்தில். 2024இல் அதுக்கு இருபது வயதாகினது. இந்தச் சுற்றுப்பயணத்தில் 2024இல் வந்த 'இன் எ லாண்ட்ஸ்கேப்' எண்ட அல்பத்தோட சேர்த்து இதையும் முழுசாக வாசிக்கிறார்கள். ரிக்டர் அதை எழுதியது ஈராக் போர் வரப்போகிறது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்த காலத்தில். 2003 பெப்ரவரியில் லண்டன் தெருக்களில் இலட்சக்கணக்கில் சனம் இறங்கி வேண்டாம் எண்டது. மார்ச்சில் குண்டு விழத் தொடங்கினது. இது ஒரு எதிர்ப்பு அல்பம், வன்முறை பற்றிய யோசனை எண்டு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்ப எங்கட பக்கம் சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது. குண்டுச் சத்தம் எங்களுக்கு ரீவியில் மட்டும் கேட்ட ஒரு சின்ன இடைவெளி.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்த அல்பத்தின் முதல் துண்டு 'டேலைட்' இல்லை. அதுக்கு முன்னால் ஒன்றரை நிமிடம்கூட வராத ஒரு துண்டு இருக்கு. தட்டச்சு இயந்திரத்தின் சத்தம், பியானோ, ஒரு பெண் குரல். டில்டா சுவின்டன் காஃப்காவின் குறிப்பேடுகளிலிருந்து வாசிக்கிறார். பிறகு இடையிடையே போலந்துக் கவிஞர் மிவோஷின் வரிகளும் வருகுது, நாஸி ஆக்கிரமிப்புக் காலத்து வார்சோவில் இருந்த மனுசன். குரல் முடிந்த பிறகுதான் வயலின் வருகுது. முதலில் ஒருத்தர் கதைக்கிறதைக் கேட்டிட்டு, பிறகு அழு எண்டு ஒழுங்குபடுத்தி வைத்த மாதிரி. நாங்கள் செய்தது என்ன? முதல் துண்டைத் தூக்கி எறிந்துபோட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் எண்டு சும்மா சொல்லவில்லை. ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்துக்கு நான் ஒரு வீடியோ செய்தேன். 2017இலிருந்து வீதியோரத்தில் படங்களைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அம்மாக்களில் ஒருவர் என்ர போனுக்கு நாலு நிமிசம் கதைச்சார். மகனுக்கு என்ன நிறச் சேர்ட், எத்தனை மணிக்குப் போனான், ஆர் கூட்டிக்கொண்டு போனது, எல்லாம் நேரம் தேதியோட. அழேல்லை. கணக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னார். எடிட் பண்ணேக்க எனக்கு அது 'வறட்சியாக' இருக்கிற மாதிரிப் பட்டுது. நாலு நிமிசத்தை ஐம்பது செக்கனாக வெட்டி, 'டேலைட்' இசையைக் கீழே போட்டேன். வயலின் ஏறுற இடத்தில் அம்மாவின் குரலைக் குறைச்சேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். "கண் கலங்கிட்டுது" எண்டு எழுதினார்கள். ஒருத்தரும் சேர்ட்டின் நிறம் பற்றி எழுதேல்லை. எழுத ஏலாது, அது கேட்கவே இல்லையே.

சரி, இதுக்கு ரிக்டரிலும் கொஞ்சம் பிழை இருக்கு எண்டுதான் நினைக்கிறேன். 2020இல் அவர் 'வொய்சஸ்' எண்டு ஒரு அல்பம் செய்தார். 1948 மனித உரிமைப் பிரகடனம்தான் அதின் உயிர். எலினோர் ரூஸ்வெல்ட்டின் பழைய ஒலிப்பதிவோட தொடங்கும். எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் சாதாரண ஆக்கள் வாசித்து அனுப்பிய குரல்களை வாங்கினார்கள். ஓர்க்கெஸ்ட்ராவையே தலைகீழாக்கினார். வழக்கமாக வயலின்தான் கூட இருக்கும். இதில் வயலின் 8, செல்லோ 24, டபுள் பேஸ் 12. உலகம் தலைகீழாகக் கிடக்கு எண்டால் வாத்தியங்களும் அப்படியே இருக்கட்டும் எண்ட யோசனை. அபாரமான விசயம். ஆனால் அதே அல்பத்தின் இரண்டாவது பகுதி என்ன தெரியுமோ? குரல்களை எடுத்துவிட்ட வடிவம்! படிக்கேக்க, நித்திரை கொள்ளேக்க கேட்க வசதியாக. மனித உரிமைப் பிரகடனத்தில் மனிதரை எடுத்துவிட்டால் மிஞ்சுறது நல்ல பின்னணி இசை. அதை அவரே எங்கட கையில் தந்திருக்கிறார்.

இன்னொரு குறையும் சொல்லுவினம். போருக்கு எதிரான இசையைக் குளிரூட்டிய மண்டபத்தில், விலைகூடின கதிரையில் இருந்து கேட்டு, எழும்பிக் கைதட்டி, டின்னருக்குப் போறதில் என்ன எதிர்ப்பு எண்டு. நியாயமான கேள்விதான். அழகான இசை கோபத்தை ஆற்றிவிடும், அதை நானே செய்து காட்டியிருக்கிறன். ஈராக் போரையும் எந்த வயலினும் நிப்பாட்டேல்லை.

அப்படியிருந்தும் மச்சாளைப் போகச் சொல்லத்தான் போறன். ஏனெண்டால் மண்டபத்தில் ஒரு வசதி இல்லை. ஸ்கிப் பண்ண ஏலாது. நாற்பது நிமிசமும், குரலும் தட்டச்சுச் சத்தமும் பியானோவும், அவர் அடுக்கின ஒழுங்கிலேயே வரும். தனக்குப் பிடிச்ச ஆறு நிமிசத்துக்காகக் காசு கொடுத்து வந்த ஆள், மற்ற முப்பத்திநாலு நிமிசத்தையும் பேசாமல் இருந்து கேட்கத்தான் வேணும். போனில் எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் வந்ததில்லை. நான் அந்த அல்பத்தை முழுசாக முதல்தரம் கேட்டதே அந்த போஸ்டர் வந்த இரவுதான், பதினொரு துண்டையும், லைற்றை நூத்துப்போட்டு.

அடுத்தநாள் அந்த வீடியோவைத் திரும்ப எடிட் பண்ணினேன். இசையை முழுசாக எடுத்திட்டு நாலு நிமிசத்தையும் அப்படியே விட்டேன். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்குது, காத்து மைக்கில் மோதுது, நடுவில் பக்கத்து அம்மா தண்ணிப் போத்தல் நீட்டுறா. அம்மாவுக்கு அனுப்பிக் காட்டினேன். "முந்தினதில நான் கதைச்சது விளங்கேல்லைத் தம்பி" எண்டார். போட்டு மூண்டு நாள் ஆச்சு. முந்தினதைப் பார்த்த ஆக்களில் கால்வாசிகூடப் பார்க்கேல்லை. நீல சேர்ட்.