குலதெய்வம் கேட்கும் உத்தியோகம்

ஏற்காட்டு மலையுச்சியில் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து நுழைகிறான் மலையாளிப் பழங்குடி இளைஞன் ஒருவன். பக்தியா? இருக்கலாம். நாளைய உத்தியோகத்துக்குச் சாட்சியாகவும் இருக்கலாம்!

வியப்பு வேண்டாம், தோழர்களே! "உன் தெய்வம் எது? திருமணம் எப்படி? பிணத்தைப் புதைப்பது எப்படி?" என்றல்லவா கேட்கிறது சான்றிதழ்ச் சரிபார்ப்பு! 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த முறை அது. மருத்துவப் படிப்பில் பழங்குடியின் இடத்தைப் பொய்ச் சான்றால் பறித்தோரைக் கண்டித்த தீர்ப்பு. கண்டிக்கட்டும், திருடனுக்காக நான் பரிந்து பேசவில்லை.

ஆனால், பள்ளியிலே நாங்கள் பகுத்தறிவு புகட்டிய பையன், "குகையிலே கடவுள் இல்லை" என்று கூறிவிட்டால் பழங்குடி அல்லன் ஆகிவிடுவானா? படி, மாறு என்கிறோம். மாறி வந்தால், மாறிவிட்டாயே என்று கதவடைக்கிறோம்! 2011இல் ஆனந்த் வழக்கிலும், மீண்டும் 2023 மார்ச்சிலும், இச்சோதனை ஒன்றே உரைகல் ஆகாது என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. அரசியல் சட்டத்துக்கு முந்திய ஆவணங்களுக்கே மதிப்பு மிகுதி என்றும் கூறிற்று.

இரண்டு திங்களுக்குள் விசாரணையை முடிக்கச் சொன்னதும் அந்த 1994 தீர்ப்புத்தானே! பின் ஏன், ஓய்வுபெறும் வயதில் ஓலை அனுப்பி, ஓய்வூதியத்தை நிறுத்தி, நரைத்த தலையை நீதிமன்றப் படியேற்றுவது? வேலையில் சேரும் நாளிலேயே சரிபாருங்கள். பாட்டன் புதைந்த விதத்தைப் பேரன் வீடு திரும்பும் நாளில் வந்து கேளாதீர்கள்!