பாட்டுக்குப் பட்டா உண்டா?

"நாலாயிரம் பாட்டு டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன் சார்!" என்று போனைத் தட்டிக் காட்டும் இளைஞர்களை எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினம் பார்க்கிறேன். சந்தோஷம். ஆனால் பாட்டெல்லாம் யாருடையது?

ஒரு சின்னப் பரீட்சை. அதில் ஒரு பாட்டைப் பக்கத்து சீட்காரருக்கு அனுப்பிப் பாருங்கள். லிங்க் போகும், பாட்டு போகாது. ஆப்புக்குள்ளேயே பூட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் இறக்கின பாட்டு என்றால், 30 நாளைக்கு ஒரு தடவையாவது போன் இன்டர்நெட் பக்கம் எட்டிப் பார்த்து 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாடாது. சந்தா நின்றாலும் அதே கதிதான்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். சந்தா மாசம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,800. பத்து வருஷத்தில் 18,000. பேலன்ஸ் ஷீட்டில் அசெட்? சைபர். அத்தனையும் வாடகை.

வாடகை தப்பில்லை. நானே வாடகை வீட்டுக்காரன். ஆனால், நாம் ஆபீஸ் போன நேரம் பார்த்து எந்த ஹவுஸ் ஓனரும் சமையலறையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. இங்கே போவார்கள். 2024 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் பேச்சு முறிந்தது. இந்திப் பாட்டு ரசிகர்களின் பிளேலிஸ்டில் திடீரென்று ஏகப்பட்ட ஓட்டை! அதே வருஷம் ரெஸ்ஸோ இந்தியாவில் கடையைச் சாத்தியது. ஏர்டெல்லும் தன் விங்க் மியூசிக்கை மூட்டை கட்டியது.

காசு கொடுத்து ஃபைலாகவே வாங்கும் காலமும் இருந்தது. 2003-ல் ஆப்பிள் அமெரிக்காவில் ஐட்யூன்ஸ் கடை திறந்தபோது பாட்டு ஒன்று 99 சென்ட். முதலில் அதிலும் பூட்டு, 2009-ல் எடுத்துவிட்டார்கள். நம்மூர் ஆசாமிகள் பூட்டு, சாவி எதற்கும் காத்திருக்கவில்லை. செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டி ரொப்பிக்கொண்டார்கள். பாட்டுப் போட்டவருக்கு அதில் நயா பைசா போகவில்லை. அதற்குப் பெயர் சொந்தம் இல்லை, வேறு!

ஆப்பில் சௌகரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து கோடிப் பாட்டை எந்த அலமாரியில் அடுக்குவது? நேற்று வந்த படத்துப் பாட்டுக்கு வாடகையே போதும். அடுத்த மாசம் நமக்கே மறந்துவிடும்.

உறுத்துவது வேறு. அப்பா போன பிறகு பரணிலிருந்து அவருடைய காசெட் பெட்டி இறங்கியது. ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த 90 நிமிஷக் காசெட்டுகள். அட்டையில் அவர் கையால் எழுதிய பாட்டு வரிசை. பாதிக்கு மேல் பூஞ்சை. மிச்சம் கொஞ்சம் இழுத்தாலும் பாடுகிறது. என் பிளேலிஸ்ட் என் பையன் கைக்கு எப்படிப் போகும்? என் கார்டில் பணம் நின்ற அடுத்த மாசமே கதை முடிந்தது.

அதனால் உயிரான ஐம்பது பாட்டை மட்டும் ஒரிஜினல் சிடியாகத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். "போட பிளேயர் எங்கே? உங்க லேப்டாப்ல ஓட்டையே இல்லையே!" என்றாள் மனைவி.

வெளியே சொருகுகிற சிடி டிரைவ் ஒன்று வாங்கியாயிற்று. அசெட் பக்கம் எழுதியிருக்கிறேன்.