கவ்வாத்துக்கு முன் ஒரு துளி அயடீன்

மடுல்கெல்லையின் தேயிலைச் சரிவுகளிலே கவ்வாத்து முடிந்த மலையை முதன்முறை காண்போர் திகைப்பர். பச்சைப் பாய் விரித்தாற்போன்றிருந்த இடத்தில் வெறுங் குச்சிகளே நிற்கும். இலையில்லாச் செடிக்கு உணவு ஏது? அடுத்த தளிர் எதைத் தின்று வளர்கிறது?

முதலில் இலையைப் பார்ப்போம். பகலில் பச்சையவுருமணிகள் ஆக்கும் வெல்லத்தில் ஒரு பகுதி, அங்கேயே மாப்பொருள் மணிகளாகத் திரள்கிறது. ஒளியினாலேயே இது விளைகிறதென்பதை 1862இல் யூலியஸ் சாக்ஸ் என்னும் செருமானிய அறிஞர் காட்டினார். இம்மணிகள் தட்டையானவை, குறுக்களவு ஓரிரண்டு மைக்கிரோமீற்றர்தான். உருளைக்கிழங்கின் மணியோ நூறு மைக்கிரோமீற்றர் வரை பருக்கும். பொருள் ஒன்றே; ஆயினும் இலையின் மணி அன்றாடக் கூலி, கிழங்கின் மணி சேமிப்பு.

அன்றாடக் கூலி இரவிலே செலவாகிவிடும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. இருக்கும் மாப்பொருளை விடியலுக்குள்ள நேரத்தால் வகுத்தாற்போல் செடி செலவிடுகிறதென, 2013இல் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் நிலையத்தார் எடுத்துக்காட்டினர். வேளைக்கு முன்னரே இருளாக்கினாலும், செலவைச் சுருக்கி விடியும்வரை தாக்குப்பிடிக்கிறதாம். நம் வகுப்பில் வகுத்தலுக்குத் திணறும் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை!

ஆகவே கவ்வாத்தான செடியைக் காப்பது இலையின் மாப்பொருளன்று; மிகுந்த வெல்லம் வேருக்கு இறங்கி அங்கே சேர்ந்த மாப்பொருளே. வெட்டுமுன் பென்சில் பருமனான வேரை நறுக்கி அயடீன் இடுவது இதனாற்றான். கருநீலம் படர்ந்தால் வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால், சில வாரம் கொழுந்தெடாமல் செடியை ஆறவிடவேண்டும். குளிர்ந்த மலைநாட்டில் வளர்ச்சி மெதுவாதலால் வேரில் இருப்பு மிகும். வெப்பமான தாழ்நாட்டில் குறையும். அங்கே சில கிளைகளை இலையோடு விட்டுவைப்பதும் அதற்காகவே.

பாராமல் வெட்டினால் வலுவற்ற செடி பட்டுப்போம். அந்த வெற்றிடத்தை மறுநடுகையால் நிரப்பப் பல ஆண்டு செல்லும். அதுவரை அக்குறை, நிறைக்குக் கூலி பெறும் பெண்ணின் கூடையிலும் தெரியும்.

மாணவர்கள் ஒரு செவ்வரத்தை இலையை மாலையிலும் மற்றொன்றை விடியற்காலையிலும் பறித்து, பள்ளி ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் பச்சையம் நீக்கி அயடீன் இட்டுப் பார்க்கலாம். மதுசாரத்தை நேரே தீயில் வைக்கவேண்டாம், வெந்நீரிலேயே சூடாக்குக.